பாதியில் நிற்கும் ஜாப்: மெயின்ஃபிரேமில் இடம் கேட்கும் கணக்கு

பழனி, ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கல்லூரிகளில் படித்துவிட்டுச் சென்னையிலோ கோவையிலோ மெயின்ஃபிரேம் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே உங்களைத் திகைக்க வைக்கும் பிழை ஒன்று உண்டு. சோதனைத் தரவில் ஒழுங்காக ஓடிய ஜாப், உண்மையான தரவைக் கொடுத்ததும் 'எஸ்பி37' என்று பாதியில் நின்றுவிடும். புரோகிராமில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது. குறை, டேட்டாசெட்டுக்கு, அதாவது மெயின்ஃபிரேம் கோப்புக்கு, ஒதுக்கிய இடத்தில் இருக்கிறது.

லேப்டாப்பில் ஒரு கோப்பு எவ்வளவு வளரும் என்று யாரும் நம்மைக் கேட்பதில்லை. மெயின்ஃபிரேம் கேட்கும். 1964இல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 காலத்திலிருந்து வரும் வழக்கம் அது. 1973இல் சென்னை ஐஐடிக்கு வந்த 370/155 அதே குடும்பத்து இயந்திரம். இன்றைய இசட்/ஓஎஸ் வரை, ஜாப்பை விவரிக்கும் மொழியான ஜேசிஎல்லில் இடத்தை அளவு சொல்லித்தான் கேட்கிறோம்.

கேட்கும் அளவு இரண்டு: பிரைமரி, செகண்டரி. தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை வரும் குழு பழனி அடிவாரத்தில் முதலில் சில அறைகளைப் பிடிக்கும்; ஆள் கூடினால் மேலும் ஓரிரு அறை கேட்கும். அதைப் போலத்தான் இதுவும். ஆனால் இங்கே வரம்பு உண்டு. சாதாரண சீக்வென்ஷியல் டேட்டாசெட்டுக்கு ஒரு டிஸ்க் வால்யூமில் மொத்தம் 16 எக்ஸ்டென்ட்தான், அதாவது 16 தொடர்ச்சியான துண்டுகள்தான். பிரைமரி ஒரே துண்டாகக் கிடைத்தால், அதற்குமேல் 15 முறைதான் செகண்டரி கிடைக்கும்.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

3390 வகை டிஸ்க்கில் ஒரு டிராக் 56,664 பைட் கொள்ளும். 15 டிராக் சேர்ந்தால் ஒரு சிலிண்டர். 80 பைட் ரெக்கார்டுகளை 27,920 பைட் பிளாக்குகளாக அடுக்கினால், பிளாக்குக்கு 349 ரெக்கார்டு, டிராக்குக்கு இரண்டு பிளாக், ஆக 698 ரெக்கார்டு. டீஃபால்ட்டாக பிரைமரி 1 டிராக், செகண்டரி 1 டிராக் என்று இருந்தால் 16 டிராக்கில் 11,168 ரெக்கார்டு அடங்கும். சோதனைக்கு அது தாராளம். பத்து லட்சம் ரெக்கார்டு வந்தால் 96 சிலிண்டர் வேண்டும்; ஜாப் நிற்காமல் என்ன செய்யும்?

பிளாக் அளவைக் கவனிக்காமல் விட்டால் நிலைமை இன்னும் மோசம். பிளாக் அளவும் 80 என்றே இருந்தால் ஒரு டிராக்கில் 78 ரெக்கார்டுதான் ஏறும். அதே பத்து லட்சத்துக்கு 855 சிலிண்டர் போய்விடும். அதனால் இடத்தைக் கூட்டும் முன் பிளாக் அளவைப் பாருங்கள். அங்கே 0 என்று கொடுத்தால் பொருத்தமான அளவைச் சிஸ்டமே தேர்ந்துகொள்ளும்.

டீஃபால்ட் எங்கிருந்து வருகிறது?

முதல் இடம், டேட்டாசெட் உருவாக்கும் ஐஎஸ்பிஎஃப்பின் 3.2 திரை. கடைசியாக அங்கே பார்த்த அல்லது உருவாக்கிய டேட்டாசெட்டின் அளவுகள் அப்படியே நிற்கும். பார்க்காமல் என்டர் தட்டினால் அவையே புதியதற்கும் போய்விடும். நூலகம் (பிடிஎஸ்) உருவாக்க நினைத்து, டைரக்டரி பிளாக் 0 என்று நிற்பதையும் டேட்டாசெட் வகை காலியாக இருப்பதையும் கவனிக்காவிட்டால், கிடைப்பது சீக்வென்ஷியல் டேட்டாசெட்.

இரண்டாவது, ஸ்டோரேஜை நிர்வகிக்கும் எஸ்எம்எஸ்ஸின் டேட்டா கிளாஸ். நீங்கள் பெயர் குறிப்பிடாவிட்டாலும் நிறுவனத்தின் ஏசிஎஸ் ரொட்டீன் ஒன்றை ஒட்டிவிடலாம். பொதுவாக நீங்கள் வெளிப்படையாகக் கொடுத்த அளவே வெல்லும்; அடுத்து 'லைக்' மூலம் மாதிரியாகக் காட்டிய டேட்டாசெட்; அதற்கும் அடுத்ததுதான் டேட்டா கிளாஸ். டேட்டா கிளாஸில் 'ஓவர்ரைடு ஸ்பேஸ்' என்பதை ஆம் என்று வைத்திருந்தால் டேட்டா கிளாஸின் அளவே வெல்லும். ஜேசிஎல்லில் எதை எழுதினாலும் அளவு மாறவில்லையென்றால் ஸ்டோரேஜ் குழுவிடம் இதைக் கேளுங்கள்.

மூன்றாவது, சிஸ்டம் அமைப்புகள் இருக்கும் பார்ம்லிப்பில் உள்ள அலாக் மெம்பர். டிஎஸ்ஓ அலோகேட் கட்டளையில் அளவே சொல்லாமல் விட்டால், டேட்டா கிளாஸும் இல்லாதபோது, அங்கே எழுதியிருப்பது வரும்.

பிழையைப் பிடிக்கும் வரிசை

1. பிழை எண்ணை வாசியுங்கள். டி37 என்றால் பிரைமரி நிரம்பிவிட்டது, செகண்டரியே கேட்கவில்லை. பி37 (தொடக்கத்தில் சொன்ன எஸ்பி37) என்றால் எக்ஸ்டென்ட் தீர்ந்தது அல்லது வால்யூமில் இடமில்லை. இ37 பெரும்பாலும் பிடிஎஸ் நூலகங்களில் வரும். பி14 வந்து ரிட்டர்ன் கோடு 0சி என்றால் டைரக்டரி நிரம்பியிருக்கிறது. அங்கே டிராக்கைக் கூட்டிப் பயனில்லை.

2. கேட்டதை விட்டுவிட்டுக் கிடைத்ததைப் பாருங்கள். ஐஎஸ்பிஎஃப்பின் 3.4 பட்டியலில் டிராக், பயன்பட்ட சதவீதம், எக்ஸ்டென்ட் மூன்றும் தெரியும். எக்ஸ்டென்ட் 16 என்றால் கேட்ட அளவு சிறியது. குறைவான எக்ஸ்டென்டிலேயே பி37 என்றால் வால்யூமில் இடமில்லை.

3. ரெக்கார்டு எண்ணிக்கையிலிருந்து தேவையைக் கணக்கிட்டு, பிரைமரி, செகண்டரி இரண்டையும் ஜேசிஎல்லில் எழுதுங்கள். மேலே சொன்ன பத்து லட்சத்துக்கு 100 சிலிண்டர் பிரைமரி, 10 செகண்டரி பொருத்தம்.

4. மிஞ்சுவதைத் திருப்பிக் கொடுக்க ஜேசிஎல்லில் இடம் கேட்கும் இடத்தில் ஆர்எல்எஸ்இ சேர்க்கலாம். தினமும் பின்னால் சேர்த்துக்கொண்டே போகும் டேட்டாசெட்டுக்கு அது வேண்டாம். ஒவ்வொரு முறையும் மிச்சத்தை விட்டுக்கொடுத்து மறுநாள் புதிதாகக் கேட்பதால் எக்ஸ்டென்ட் விரைவில் தீரும்.

பயந்துபோய் 3,000 சிலிண்டர் கேட்பதும் தீர்வாகாது. பிரைமரி ஒரே வால்யூமில் அதிகபட்சம் ஐந்து துண்டுகளுக்குள் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் ஜாப் தொடங்கும் முன்பே ஒதுக்கீடு தோற்றுப்போகும். கிடைத்துவிட்டால் மற்றவர்களின் ஜாப்களுக்கு இடம் குறையும்.

உங்கள் கோப்பில் எத்தனை ரெக்கார்டு வரும் என்பது எந்த டீஃபால்ட்டுக்கும் தெரியாது. அதை அறிந்தவர் நீங்கள் ஒருவர்தான். எதிர்பார்க்கும் ரெக்கார்டு எண்ணிக்கையையும் போட்ட கணக்கையும் ஜேசிஎல்லில் கமென்ட் வரியாக எழுதி வையுங்கள். தரவு வளரும்போது நடு இரவில் அந்த ஜாப்பைத் திறப்பவருக்கு எந்த எண்ணை மாற்ற வேண்டும் என்று அது சொல்லிவிடும்.