அரசிதழில் வந்தது, அவைக்கு வரவில்லை

மலேசியாவின் பினாங்குத் தீவில், சுங்கை பினாங் ஆற்றில் கலக்கும் ஆயர் ஈத்தாம் ஆற்றங்கரையில் ஒரு காலத்தில் தமிழ்ச் சலவைத் தொழிலாளர்கள் துணி துவைத்தார்கள். டோபி காட் என்ற பெயர் அங்கே இன்றும் நிற்கிறது. பின்னாளில் சுங்கை பினாங், நாட்டின் மிக மோசமாக மாசடைந்த ஆறுகளில் ஒன்றாகப் பேரெடுத்தது. ஆறு கெட்டது ஊரறிந்த கதை. அதைக் காக்க வேண்டிய விதிகளை எழுதியது யார், எழுதியதைத் தட்டிக்கேட்டது யார் என்பதுதான் அதிகம் பேசப்படாமல் போனது.

சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974-இல் இயற்றப்பட்டு, 1975 ஏப்ரலில் நடப்புக்கு வந்தது. அதன் 51-ஆவது பிரிவு, சுற்றுச்சூழல் தர மன்றத்தைக் கலந்துகொண்டு விதிகள் செய்யும் அதிகாரத்தை அமைச்சருக்குத் தருகிறது. 1977-இல் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கு, 1978-இல் காற்றுத் தூய்மைக்கு, 1979-இல் கழிவுநீருக்கு என அடுத்தடுத்து விதிகள் வந்தன. ஆற்றில் விடும் நீரில் ஈயம் எவ்வளவு இருக்கலாம் என்பதைக்கூட இப்படி ஒரு விதிதான் முடிவுசெய்தது. அரசிதழில் வெளியானால் போதும். நாடாளுமன்றத்தில் வைத்து ஒப்புதல் பெற வேண்டும் என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை.

இந்தியாவின் 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் இந்த இடத்தில் வேறு. அதன்கீழ் செய்யப்படும் விதிகளை இரு அவைகளிலும் 30 நாள் வைக்க வேண்டும். திருத்தவோ தள்ளவோ அவைகளுக்கு உரிமையுண்டு. உறுப்பினர்கள் அவற்றை எத்தனை முறை புரட்டிப் பார்த்தார்கள் என்று கேட்டால் சங்கடம்தான். ஆனாலும் கதவென்று ஒன்று இருக்கிறது.

மலேசியாவில் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரால் முடிந்தது கேள்வி நேரத்தில் எழுந்து கேட்பது. 1978 முதல் 1999 வரை பினாங்கின் ஜெலுத்தோங் தொகுதி கர்ப்பால் சிங்கிடம் இருந்தது. அவரைப் போன்ற வழக்கறிஞர் கையிலும் இருந்தது கேள்விதான், வீட்டோ அல்ல. அதனால் கண்காணிப்பு வேலை அவைக்கு வெளியே போனது. எஸ்.எம். முகமது இத்ரிஸ் தலைமையில் பினாங்கு பயனீட்டாளர் சங்கமும், 1977-இல் தொடங்கிய சஹாபாட் ஆலாம் மலேசியா என்ற சுற்றுச்சூழல் அமைப்பும் அதை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தன.

இன்று அதே தொகுதியின் உறுப்பினர் ஆர்.எஸ்.என். ராயர். சுங்கை பினாங் சட்டமன்றத் தொகுதியும் அதற்குள்தான் வருகிறது. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பெய்த பேய்மழையில் தீவு மூழ்கியது. மாநிலத்தில் ஏழு பேர் இறந்தார்கள். பருவநிலை மாற்றம் என்பது அதன்பிறகு பினாங்கில் வெறும் மாநாட்டுப் பேச்சாக இல்லை.

அடுத்து வந்த பெரிய சோதனை, தீவின் தெற்கே கடலை மண்ணிட்டு மூடி மூன்று தீவுகள் எழுப்பும் திட்டம். ஏறத்தாழ 4,500 ஏக்கர். திட்டம் மாநில அரசுடையது. 2018 தேர்தலுக்குப் பின் சட்டமன்றத்தில் 40-இல் 37 இடம் ஆளுங்கூட்டணியிடம் இருந்தது. சுற்றுச்சூழல் இலாகாவோ மத்திய அரசின் கையில். மாநில அவையால் அதை எதுவும் கேட்க முடியாது. 2019 ஜூனில் இலாகா சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டுக்கு ஒப்புதல் அளித்தது. அதை 2021 செப்டம்பரில் ரத்து செய்தது எந்த அவையுமல்ல, மீனவர்கள் தொடுத்த வழக்கைக் கேட்ட மேல்முறையீட்டு வாரியம். என் பார்வையில் கடந்த அரை நூற்றாண்டுக்கும் இந்த ஒரு வழக்கே சாட்சி: மக்கள் பிரதிநிதிகள் செய்திருக்க வேண்டிய விசாரணையை வலை வீசுகிறவர்கள் செய்தார்கள். 2023-இல் புதிய மதிப்பீட்டுக்கு ஒப்புதல் கிடைத்து, திட்டம் ஒரு தீவாகச் சுருங்கியது.

மாற்றமே இல்லை என்று சொல்ல முடியாது. பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் 2019-இல் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டு ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர். அந்தச் சூடு ஆறவில்லை. 2024-இல் 1974 சட்டம் திருத்தப்பட்டு, உச்ச அபராதம் 1 கோடி ரிங்கிட் ஆனது. மக்களவையில் சுற்றுச்சூழலையும் கவனிக்கும் சிறப்புத் தேர்வுக் குழு இருக்கிறது. 1992-இல் பறிபோன நிர்வாகத் தன்னாட்சியை நாடாளுமன்றத்துக்குத் திருப்பித் தரும் சட்டமும் 2025 மார்ச்சில் மக்களவையில் நிறைவேறியது.

அதே மார்ச்சில்தான் கரிமத்தைப் பிடித்து நிலத்தடியில் சேமிக்கும் தொழிலுக்கான மசோதாவும் வந்தது. முதல் வாசிப்புக்கும் நிறைவேற்றத்துக்கும் இடையே சில நாள்தான். தலைமுறைகளுக்கு மண்ணுக்கடியில் கிடக்கப்போகிற வாயுவுக்கு இவ்வளவு அவசரம். தேர்வுக் குழுக்கள் எதற்கு இருக்கின்றன என்று கேட்கத் தோன்றுகிறது.

தேசியப் பருவநிலை மாற்ற மசோதாவுக்கு மட்டும் 2024-இல் கலந்தாய்வு ஆவணம் வெளியிட்டு மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். 1974-இல் நினைத்துப் பார்க்க முடியாத காரியம். ஆனால் இத்தகைய சட்டத்தில் சூடும் சுரணையும் இருப்பது பிரிவுகளில் அல்ல, பிறகு வரும் விதிகளில். எந்த ஆலை எவ்வளவு கரிமம் வெளியிடலாம், அதை யார் அளப்பது, யாருக்கு விலக்கு என்பதெல்லாம் அங்கேதான் தீர்மானமாகும். மசோதா கைக்கு வந்ததும் ஜெலுத்தோங் உறுப்பினர் முதலில் பார்க்க வேண்டியது அமைச்சருக்கு விதி செய்யும் அதிகாரம் தரும் பிரிவை. அந்த விதிகள் இத்தனை நாளுக்குள் இரு அவைகளிலும் வைக்கப்பட வேண்டும் என்று அதில் ஒரு வரி இல்லையென்றால், திருத்தம் கொண்டுவர அவருக்கு உரிமை இருக்கிறது.