மஞ்சள் கட்டைக்குள் ஒரு மூளை
பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கி வீடு கட்டி விளையாடிய பாலர்கள், தாம் இணைத்த வண்டி தானாகவே நகர்ந்து, சுவரில் மோதியதும் பின்வாங்கித் திசை மாறிச் செல்வதைக் கண்டு அதிசயிக்கும் காலம், டென்மார்க் தேசத்து லெகோ நிறுவனம் ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ என்னும் தொகுப்பை வெளியிட்ட 1998-ஆம் ஆண்டில் பிறந்தது. அதன் நடுநாயகமான மஞ்சள் கட்டைக்குள் சிறு கணிப்பொறி ஒன்று இருந்தது. ஸ்பரிசத்தையும் ஒளியையும் உணரும் கருவிகள் மூன்று வாயில்களின் வழியே அதற்குச் சேதி சொல்ல, வேறு மூன்று வாயில்களின் வழியே அது மோட்டார்களுக்கு ஆக்ஞை பிறப்பிக்கும். தொகுப்பின் பெயரோ, குழந்தைதான் கணிப்பொறிக்குக் கற்பிக்க வேண்டுமென்று வாதித்த ஸீமோர் பேப்பர்ட் 1980-இல் வெளியிட்ட நூலின் பெயர். குழந்தைகளுக்கென்று வந்த அத்தொகுப்பைப் பெரியவர்களும் விரும்பி வாங்கினார்கள் என்பதில் வியப்பென்ன? 2022-இன் இறுதியில் அதன் விற்பனையை நிறுவனம் நிறுத்திக்கொண்டது.