வெப்பத்தின் அளவும் தரமும்

தில்லியை அடுத்த தாத்ரியிலும், நாட்டின் வேறு பல இடங்களிலும் அனல்மின் நிலையங்களுக்கு அருகே வாழும் நம்மவர்க்குக் குளிர்விப்புக் கோபுரம் அன்றாடம் கண்ணிற்படும் காட்சியாகும். இடை சிறுத்து வாய் அகன்ற அக்கோபுரங்களின் உச்சியில் வெண்முகில் போல எழுவதைப் புகை என்றே பலர் கருதுகின்றனர். அது புகையன்று, நீராவியே. நிலக்கரியை எரித்துப் பெற்ற வெப்பத்தில் ஏறக்குறையப் பாதி, அந்த ஆவியோடு வெளியில் கலந்துவிடுகிறது. இத்துணை வெப்பத்தைக் கைவிடுவானேன்? தடுக்க வழி இல்லையா? பொறியியற் கல்லூரிகளின் மேல்வகுப்புகளில் கற்பிக்கப்பெறும் உயர்நிலை வெப்ப இயக்கவியல் இத்தகைய வினாக்களுக்கு விடை கூறும் கலையாகும்.

இக்கலைக்கு அடிகோலியவர் சாதி கார்னோ என்னும் பிரெஞ்சுப் பொறியாளர். தமது 28-ஆம் வயதில், 1824-இல், அவர் பாரிஸ் நகரில் வெளியிட்ட சிறுநூலை அக்காலத்தவர் பெரிதும் பொருட்படுத்தவில்லை. 1832-இல் வாந்திபேதி கண்டு அவர் மறைந்தார். அருவி நீர் மேட்டிலிருந்து பள்ளத்தில் விழும்போதே சக்கரத்தைச் சுழற்றுகிறது. வெப்பமும் சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்குச் செல்லும்போதே வேலை செய்கிறது என்பது அவர் கண்ட உண்மை. பள்ளம் இல்லையேல் அருவி இல்லை. ஆகவே ஒரு பகுதி வெப்பத்தைக் குளிர்ந்த இடத்தில் விட்டே ஆகவேண்டும்.

எவ்வளவு விடவேண்டும் என்பதைக் கணக்கிடலாம். அனல்மின் நிலையத்தில் டர்பைன் எனும் சுழலிக்குச் செல்லும் நீராவியின் வெப்பநிலை 540 டிகிரி சென்டிகிரேடு என்றும், வெளியேறும் ஆவி குளிர்ந்து நீராகும் வெப்பநிலை 40 டிகிரி என்றும் கொள்வோம். இவற்றோடு 273-ஐக் கூட்டினால் 813, 313 எனத் தனிவெப்பநிலைகள் கிடைக்கும். குறையே இல்லாத பொறியும் இவ்விரு நிலைகளுக்கிடையே 100 பங்கு வெப்பத்தில் 61 பங்கைத்தான் வேலையாக்க இயலும். நடைமுறையிலோ 35 பங்கு அளவே மின்சாரமாகிறது. எஞ்சிய இழப்பு எங்கே நிகழ்கிறது?

வெப்பத்தின் அளவை மட்டும் கணக்கெடுத்தால் குற்றவாளி குளிர்விப்புக் கோபுரமே எனத் தோன்றும். வெப்பத்தின் தரத்தையும் சேர்த்துக் கணக்கெடுப்பதே மேற்படிப்பின் சிறப்பு. சுற்றுப்புறம் 30 டிகிரியாக இருக்கும்போது, 40 டிகிரி வெப்பம் 100 பங்கு கிடைத்தாலும் அதிலிருந்து 3 பங்கு வேலையே பெறலாம். மூட்டை மூட்டையாக இருப்பினும் செல்லாக் காசு செல்லாக் காசுதானே! ஆயிரம் டிகிரிக்கும் மேற்பட்ட தீச்சுவாலையின் வெப்பம் கொதிகலத்தில் 540 டிகிரி ஆவிக்கு மாறுகிறதே, பேரிழப்பு அங்குதான் நிகழ்கிறது. வெப்பத்தின் பெரும்பகுதி ஆவியைச் சென்றடைகிறது. ஆயினும் அதன் வேலை செய்யும் தகுதி வெகுவாகக் குன்றிவிடுகிறது. இத்தகுதிக்கு 1956-இல் ஸோரான் ராண்ட் என்னும் அறிஞர் எக்ஸர்ஜி எனப் பெயரிட்டார். மொழிபெயர்ப்புப் பணியில் உள்ள நாம் இதனைப் பயன்படு ஆற்றல் என வழங்கலாம்.

நோயின் இடம் தெரிந்தால் மருந்தும் தெரியும். ஆவியின் வெப்பநிலையையும் அழுத்தத்தையும் உயர்த்துவது முதல் மருந்து. வளிமண்டல அழுத்தத்தைப் போல் 218 மடங்குக்கு மேற்பட்டால் நீர் குமிழியிட்டுக் கொதிப்பதில்லை. நீர், ஆவி என்ற வேறுபாடே மறைந்துவிடுகிறது. அந்நிலைக்கும் அப்பால், 600 டிகிரி அளவில் இயங்கும் மின்நிலையம் மத்தியப் பிரதேசத்துக் கர்கோனில் 2019-இல் தொடங்கப்பெற்றது. அதன் திறன் நூற்றுக்கு 41-க்குச் சற்று மேல். 35-லிருந்து 41-க்கு உயர்ந்தால் அதே மின்சாரத்துக்கு ஏழில் ஒரு பங்கு நிலக்கரி மிச்சமாகும். புகையும் சாம்பலும் அதற்கேற்பக் குறையும். இன்றும் நிலக்கரியையே பெரிதும் நம்பியிருக்கும் நாட்டுக்கு இது சிறிய ஆதாயமன்று.

தரமிக்க வெப்பத்தைப் படிப்படியாகப் பயன்கொள்வது இரண்டாம் மருந்து. எரிவாயுச் சுழலியிலிருந்து 600 டிகிரி அளவில் வெளிப்படும் புகையைக் கொண்டே நீராவி உண்டாக்கி மற்றொரு சுழலியை இயக்குகின்றனர். இம்முறையில் உலகின் சிறந்த நிலையங்கள் நூற்றுக்கு 60-க்கு மேல் திறன் பெற்றுள்ளன. உத்தரப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் பல சர்க்கரை ஆலைகள் கரும்புச் சக்கையை எரித்து முதலில் மின்சாரம் எடுக்கின்றன. சுழலியில் வேலை முடித்த ஆவியால் சாற்றைக் காய்ச்சுகின்றன.

இல்லத்திலும் இவ்வறிவு உதவும். வடநாட்டுக் குளிர்காலத்தில் குளியல் நீரைச் சுடவைக்க மின்சார கீஸரை நாடுகிறோம். மூன்று பங்கு நிலக்கரி வெப்பத்தைச் செலவிட்டுப் பெற்ற ஒரு பங்கு மின்சாரத்தை மீண்டும் வெதுவெதுப்பான நீராக்குவது, பட்டுப்புடவையைக் கிழித்து அடுப்புத் துணி ஆக்குவதை ஒக்கும். வெளிக்காற்றின் வெப்பத்தை இறைத்துத் தரும் வெப்ப இறைப்பான், அதே மின்சாரத்தைக் கொண்டு இரண்டு மூன்று மடங்கு வெப்பம் அளிக்கும். சூரிய வெப்பத்தில் நீர் காயவைப்பதும் தக்கதே. கோடையில் குளிர்சாதனத்தை 18 டிகிரியில் வைக்காது 24-இல் வைத்தால், வெப்பத்தை மேடேற்றும் உயரம் குறைந்து மின்செலவும் குறையும். 2020 முதல் நட்சத்திரக் குறியிட்ட அறைக் குளிர்சாதனங்கள் தொடக்கத்தில் 24 டிகிரியில் அமைந்திருக்கவேண்டும் என அரசு விதித்தது இதனாலேயே.

நம் இல்லங்களிலிருந்து பொறியியல் பயிலச் செல்லும் மாணவ மாணவியர் பலர் இப்பாடத்தைக் கடினமெனக் கருதி, சூத்திரங்களை நெட்டுருச் செய்து தேர்வைக் கடக்கின்றனர். எந்தப் பொறியைக் கண்டாலும் அதில் வெப்பம் எவ்விடத்தில் தரம் குன்றுகிறது என்று வினவப் பழகினால் சூத்திரங்கள் தாமே பொருள் விளங்கும். ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் என்பிடெல் இணையவழிப் பாடங்களில் இத்துறையும் உண்டு, கட்டணமின்றிக் கேட்கலாம். ஆற்றல் அழிவதில்லை என்பது பள்ளிப் பாடம். அழியாத ஆற்றலும் பயனற்றுப் போகக்கூடும் என உணர்ந்து, அதனைக் காக்கும் வழி காண்பதே மேற்படிப்பின் பயன்.