ஒளி உருளையா, ஒளிவேக உருளையா?

பல்சாரைத் துடிப்பு விண்மீன் எனப் பெயர்ப்பது வழக்கம். உண்மையில் அது துடிப்பதில்லை, சுழல்கிறது. பெங்களூர்ப் பிரேசர் டவுனுக்கு வடமேற்கே சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள இராமன் ஆய்வு நிறுவனத்திற்கு 1972இல் இயக்குநராக வந்த வெ. இராதாகிருஷ்ணன், 1969இல் ஆஸ்திரேலியாவில் இருந்தபோதே, வேலா பல்சாரின் வானொலிக் கதிர்கள் காந்த முனையை ஒட்டி எழுகின்றன என்பதை, அவற்றின் தளவிளைவுத் தளம் திரும்பும் போக்கைக் கொண்டு குக் என்பாருடன் விளக்கினார்.

சுழலும் காந்தப்புலம் மின்புலத்தைத் தூண்டுகிறது; அது மின்னூட்டத் துகள்களைப் புலக்கோடுகள் வழியே முடுக்குகிறது. ('முடுக்கம்' நன்கு வேரூன்றிய சொல், அதனால் தொல்லையில்லை.) கோடுகளோடு சேர்ந்து சுழலும் துகளின் வேகம் அச்சிலிருந்து விலக விலக மிகும். அவ்வேகம் ஒளிவேகத்துக்குச் சமமாக வேண்டிய எல்லையே ஆங்கிலத்தார் கூறும் 'லைட் சிலிண்டர்'. நண்டு நெபுலாப் பல்சார் ஏறத்தாழ 33 மில்லி நொடிக்கு ஒருமுறை சுழல்வதால், அதன் எல்லை அச்சிலிருந்து சுமார் 1,600 கி.மீ. எத்துகளும் அவ்வேகத்தை எட்டாது. ஆகவே எல்லையைத் தாண்டும் கோடுகள் திரும்பி மூடாமல் திறந்து நீள, துகள்கள் வெளியேறுகின்றன.

'ஒளி உருளை' என்றால் ஒளியாலான உருளை என்றே படிப்போர் கொள்வர். அங்கு உருளை வடிவில் ஒளிர்வது எதுவுமில்லை. இருப்பது கணக்கின் எல்லை. 'ஒளிவேக உருளை' என்பதே தகும். செயல்படு விண்மீன் திரள்களின் நடுவிலுள்ள சுழலும் காந்தப்புலங்களுக்கும் இவ்வெல்லை கணக்கிடப்படுவதால், பல்சார் நூல்களுக்கு வெளியேயும் இச்சொல் வேண்டப்படும்.