மின்கார் ஏ.சி. குளிரவில்லையா? கேஸ் அடிக்கும் முன் யோசியுங்கள்

மன்னார் வெயிலில் ஏ.சி. இல்லாமல் வாகனம் ஓட்டுவது எவ்வளவு சிரமம் என்பது நமக்குத் தெரியும். பெட்ரோல் காரில் குளிர் குறைந்தால், "கேஸ் இறங்கியிருக்கும், அடித்தால் சரி" என்பார் கராஜ் பாஸ். நாமும் காசைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம். இதே பழக்கத்தை மின்காரிலும் கடைப்பிடித்து என் சகோதரியின் மகன் சென்ற வருடம் பெரும் நட்டப்பட்டார். அந்த நட்டம் இன்னொரு வியாபாரிக்கு வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அவர் கடை வேலைக்காகப் பழைய நிசான் லீஃப் ஒன்றை வாங்கியிருந்தார். மன்னார் நகரிலிருந்து எருக்கலம்பிட்டி, பேசாலை, தலைமன்னார் என்று அன்றாட ஓட்டம். ஏ.சி. குளிரவில்லை என்றதும் ஓரிடத்தில் கேஸ் அடித்தார். மூன்று வாரம் குளிர்ந்தது, பிறகு பழைய கதைதான். இரண்டாவது இடத்தில் கேஸோடு ஒயிலும் விட்டார்கள். சில நாட்களில் எச்சரிக்கை விளக்குகள் எரிந்து, கார் ஸ்டார்ட் ஆகவே மறுத்துவிட்டது. 300 கிலோமீற்றருக்கு மேல் லொறியில் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுபோனார். அங்கே கொம்ப்ரசரையும் குழாய்களையும் மாற்றவேண்டி வந்தது. ஆரம்பக் கோளாறு என்னவென்று பார்த்தால், கண்டென்சரில் ஊசி முனையளவு ஓட்டை!

ஏன் இப்படி ஆனது?

பெட்ரோல் காரின் கொம்ப்ரசரை எஞ்சின் பெல்ட் சுற்றுகிறது. மின்காரில் கொம்ப்ரசருக்குள்ளேயே மோட்டார் இருக்கிறது. அதற்கு வருவது பிரதான பெட்டரியின் 300 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்சாரம். மோட்டாரின் செப்புக் கம்பிச் சுருள்கள் கேஸிலும் ஒயிலிலும் நனைந்தபடியே இயங்குகின்றன. ஆகவே அந்த ஒயில் மின்சாரத்தைக் கடத்தாத பி.ஓ.ஈ. வகையாக இருக்கவேண்டும். பெட்ரோல் கார்களுக்குப் பெரும்பாலும் பாவிக்கும் பி.ஏ.ஜி. ஒயில் கலந்தால் மின்சாரம் கசியத் தொடங்கும். அதைக் கண்டுகொள்ளும் காரின் கணினி, ஆபத்தைத் தவிர்க்க வண்டியையே நிறுத்திவிடலாம். பிரியஸ், அக்வா போன்ற ஹைபிரிட் கார் வைத்திருப்போரும் இதைக் கவனத்தில் கொள்ளவேண்டும். அவற்றிலும் மின்சாரக் கொம்ப்ரசர்தான்.

இன்னொன்று, ஏ.சி. கேஸ் பெட்ரோல் போல எரிந்து தீரும் பொருளல்ல. அது மூடிய குழாய்களுக்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. அது குறைந்துவிட்டால் எங்கோ கசிகிறது என்றே அர்த்தம். நமது தீவில் 2020 டிசம்பரில் திறந்த தம்பபவனியின் 30 காற்றாலைகளைச் சுற்றும் அதே கடற்காற்றுத்தான், வாகனத்தின் முன்பக்கமுள்ள அலுமினியக் கண்டென்சரில் உப்பையும் மணலையும் படியவைக்கிறது. உப்பு அரித்தால் ஓட்டை விழும்.

நாமே பார்க்கக்கூடியவை

ஏ.சி. பொத்தான் விளக்கு எரிகிறதா, ஈகோ நிலையில் ஓடுகிறதா, பெட்டரி மிகவும் இறங்கியுள்ளதா என்று முதலில் பாருங்கள். காற்றே குறைவாக வந்தால் உட்புற ஃபில்டரில் தூசி அடைத்திருக்கலாம். ஓடும்போது குளிர்ந்து, நின்றால் சூடானால் கண்டென்சர் விசிறியையும் அதன் முன் படிந்த அழுக்கையும் பார்க்கவேண்டும். கேஸ் அடித்த சில வாரங்களில் மீண்டும் சூடானால் அது கசிவுதான். கண்டென்சரை இடையிடையே நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவிவிடுங்கள். செம்மஞ்சள் நிற வயர்களைத் தொடாதீர்கள். அவை உயிர் பறிக்கும்.

கராஜில் மூன்று கேள்விகள்

கசிவைக் கண்டுபிடித்து அடைத்த பிறகுதானே கேஸ் ஏற்றுவீர்கள்? பொனட்டின் உள்ளே ஒட்டியிருக்கும் லேபலில் உள்ள கேஸ் வகையையும் கிராம் அளவையும் பார்த்து, நிறுத்துத்தானே ஏற்றுவீர்கள்? உங்கள் மெஷினிலும் குழாய்களிலும் பழைய பி.ஏ.ஜி. ஒயில் தங்கியில்லையா? இவற்றுக்குத் தெளிவான பதில் வராவிட்டால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வாருங்கள். புதிய மின்கார்கள் பலவற்றில் பிரதான பெட்டரியைக் குளிர்விப்பதும் இதே ஏ.சி.தான். எனவே அதைப் பழுதோடு ஓட்டுவது பெட்டரிக்கும் நல்லதல்ல.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறக்கப்பட்டது. அதிலிருந்து மின்கார்கள் நாட்டுக்குள் நிறைய வருகின்றன. நம் பிள்ளைகளில் கைத்தொழில் நாட்டமுள்ள ஒருவரை இந்த வேலையை முறையாகப் படிக்கவைத்தால், மன்னாரிலேயே ஒரு நல்ல தொழில் உருவாகும். கொழும்புக்கு லொறிக் கூலி கொடுக்கவேண்டிய தேவையும் இராது.

கராஜ் வைத்திருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் ஈரம் இருப்பதைக் கண்டு, அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்ட சம்பவம் நமக்குத் தெரியும். கசிவு இருப்பது தெரிந்தும் மறைத்துக் கேஸ் அடிப்பது, அந்த ஈரத்தை அடியில் மறைப்பதற்குச் சமம். "இந்த வேலை எனக்குத் தெரியாது" என்று சொல்லி ஒருவரைத் திருப்பி அனுப்பினால் அன்றைய கூலிதான் போகும். அவருடைய நம்பிக்கை போகாது. அடுத்த வேலைக்கு அவர் உங்களிடமே வருவார், இன்ஷா அல்லாஹ்.