நோய்க்கிருமிகளை அழிக்கும் புற ஊதாக் கதிர்கள்

மருத்துவமனையில் ஒருவர் குணமடைந்து இல்லம் திரும்புகிறார். அவர் படுத்திருந்த கட்டிலுக்குச் சில மணி நேரத்தில் மற்றொரு நோயாளி வந்து சேருகிறார். முன்னவர் விட்டுச் சென்ற கிருமிகள் கட்டிற் கம்பியிலும் கதவின் கைப்பிடியிலும் தங்கியிருந்தால், பின்னவரின் நிலை என்னவாகும்? ஒரு நோயைத் தீர்க்க வந்தவர் வேறொரு நோயைப் பெற்றுச் செல்லலாகாது. இதற்காக மருத்துவமனைகள் கையாளும் முறைகளுள் ஒன்றே புற ஊதாக் கதிர் முறையாகும்.

பாயையும் தலையணையையும் வெயிலில் உலர்த்துவது நம் வீடுகளில் நெடுங்காலமாக உள்ள வழக்கம். வெயிலொளி கிருமிகளின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்பதை 1877ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த டௌன்ஸ், பிளண்ட் என்னும் இருவர் சோதனை மூலம் மெய்ப்பித்தனர். ஆயினும், கிருமிகளைக் கொல்வதில் மிக வல்ல கதிர்களை வானிலுள்ள ஓசோன் படலம் தடுத்துவிடுகிறது. எனவே, அக்கதிர்களைப் பாதரச ஆவி விளக்கின் வாயிலாக உண்டாக்குகின்றனர். அவற்றின் அலைநீளம் ஏறத்தாழ 254 நானோமீட்டர்; நம் கண்ணுக்கு அவை புலப்படுவதில்லை. இக்கதிர்கள் கிருமியின் உள்ளே புகுந்து அதன் மரபுப் பொருளைச் சிதைக்கின்றன. அதனால் அது பெருக இயலாமற் போகிறது.

நோயாளி சென்றபின் துப்புரவுப் பணியாளர்கள் முதலில் அறையைக் கூட்டி, கிருமிநாசினியால் துடைக்கின்றனர். பின்னர் சக்கரம் பொருத்திய விளக்கு உள்ளே கொண்டுவரப்படுகிறது. அனைவரும் வெளியேறிக் கதவை அடைத்த பிறகே அதனை இயக்குகின்றனர்.

துடைக்காமல் விளக்கை மட்டும் ஏற்றினால் போதாதா எனச் சிலர் கேட்கக்கூடும். போதாது. ஒளி நேர்க்கோட்டிற் செல்வது. அடர்ந்த பால்மரக் காட்டில் வெயில் தரையை எட்டாததைப் போலவே, கட்டிலின் அடிப்புறத்தையும் நாற்காலியின் மறுபுறத்தையும் கதிர்கள் நேராக எட்டுவதில்லை. காய்ந்த இரத்தமும் அழுக்கும் கிருமிகளுக்குக் கேடயமாகிவிடுகின்றன. தூரம் கூடக்கூடக் கதிரின் வலிமையும் குன்றுகிறது. ஆகவே விளக்கை இடம் மாற்றி வைத்து இயக்குவதும் உண்டு.

அமெரிக்காவின் 9 மருத்துவமனைகளில் நடந்த ஓர் ஆய்வு 2017ஆம் ஆண்டில் வெளியாயிற்று. வழக்கமான கிருமிநாசினியால் துடைத்த அறைகளில் இக்கதிர்களையும் பாய்ச்சியபோது, மருந்துகளுக்கு எளிதில் அடங்காத சில கிருமிகள் அடுத்த நோயாளியைப் பற்றுவது ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. ஆனால், கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்னும் கிருமியைப் பொறுத்தவரை, குளோரின் கலந்த மருந்தால் துடைத்த அறைகளில் கதிர்களால் மேலும் பயன் விளையவில்லை. விளக்கு துப்புரவுக்குத் துணையே அன்றி மாற்று அன்று என்பது இதனால் விளங்கும்.

கிருமியைச் சிதைக்கும் கதிர் மனிதரையும் தாக்கும். இதன் எதிரே நின்றால் தோல் சிவந்து எரியும். கண்ணில் மணல் விழுந்தாற்போன்ற உறுத்தலும் வலியும் சில மணி நேரம் கழித்துத் தோன்றும். வலி உடனே தெரியாததால் ஆபத்தை உணராமல் நின்றுவிட நேரிடும். கைகளையோ தோலையோ தூய்மைப்படுத்தப் புற ஊதா விளக்குகளைப் பயன்படுத்தலாகாது என உலக சுகாதார நிறுவனம் 2020இல் எச்சரித்தது. கடைகளில் விற்கும் இத்தகைய விளக்குகளை வாங்கிக் குழந்தைகளின் கைகளிற் காட்டுவது பெருந்தவறு.

உற்றாரைக் காண மருத்துவமனைக்குச் செல்லும்போது நாம் செய்ய வேண்டியது எளிது. உள்ளே நுழையும்போதும் வெளியேறும்போதும் சவர்க்காரமிட்டுக் கைகளைக் கழுவுவோம். நோயாளியின் கட்டிலில் அமராதிருப்போம். துணியும் வாளியும் ஏந்திவரும் துப்புரவுப் பணியாளருக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்போம். விளக்கின் ஒளி எட்டாத மூலைகளையும் தூய்மையாக்கி நம்மைக் காப்பது அவர்தம் கரங்களே.