எஞ்சினுக்குள் சுற்றிவரும் தடை

ஜெட் எஞ்சின் விசிறியின் ஒவ்வொரு பிளேடும் ஒரு குட்டி விமான இறக்கைதான். காற்று அளவுக்கு மீறிச் சாய்வாக வந்து மோதினால் அதன் முதுகை விட்டு விலகிவிடும். இதுதான் ‘ஸ்டால்’.

ஆபத்து ஒரு பிளேடோடு நிற்பதில்லை. அடைபட்ட இடைவெளி காற்றை இருபுறமும் ஒதுக்கித் தள்ளுகிறது; ஒரு பக்கத்து பிளேடு தடுமாற, மறுபக்கத்து பிளேடு மீண்டுவிடுகிறது. இப்படியே தடை தாவித் தாவி, பிளேடுகள் பொருத்திய சுழலியான ரோட்டரைவிட மெதுவாக எஞ்சினைச் சுற்றி வருகிறது. 1955-இல் ஹோவர்ட் எம்மன்ஸ் குழுவினர் தந்த விளக்கம் இது. முற்றினால், அழுத்தப்பட்ட காற்று முன்பக்கமாகவே பீறிட்டு வரும். வெடிச்சத்தம் கேட்கும், தீப்பிழம்புகூடத் தெரியலாம்.

இதைக் கணக்கிட்டுப் பார்க்க முயலும் கணினிக்குச் சோதனை இங்கேதான். சீரான ஓட்டத்தில் ஒரு பிளேடைக் கணக்கிட்டாலே பெரும்பாலும் போதும், மற்றவை அதன் நகல்கள். ஸ்டாலில் ஒவ்வொரு பிளேடும் வெவ்வேறு நிலையில் இருப்பதால் அந்தச் சலுகை கிடையாது.

நாசாவின் ‘ஸ்டேஜ் 35’ கம்ப்ரசரில், அதாவது காற்றை அழுத்தும் பிளேடு அடுக்கில், சுழலும் பிளேடுகள் 36, நிலையானவை 46. அத்தனையையும், பிளேடு நுனிக்கும் உறைக்கும் நடுவிலுள்ள மெல்லிய இடைவெளியையும் நுண்ணிய கட்டங்களாகப் பிரித்து, கணத்துக்குக் கணம் தீர்க்க வேண்டும். ‘டர்போ’ என்ற நிரலைக் கொண்டு ஆய்வாளர்கள் அதைச் செய்தார்கள். ஸ்டால் பல நேரங்களில் முளைவிடுவது அந்தப் பிளேடு நுனியில்தான். அசுர வேகத்தில் சுழலும் நிஜ எஞ்சினுக்குள் நுனி இடைவெளி வழியே காற்று கசிவதை அளப்பது மிகக் கடினம்; திரையிலோ அதை நிறுத்தி, பின்னோக்கி ஓட்டியும் பார்க்கலாம்.